ஹெட்லைட்டுக்குன்னு ஒரு பிட் வாங்கி வைங்க

நடுவுல தடுப்பு இல்லாத ரெண்டு வழி ரோட்டுல ராத்திரி வண்டி ஓட்டுறவங்களுக்கு நான் சொல்லப்போறது உடனே புரியும்.

எதிர்ல ஒரு கார் வருது. கண்ணு கூசுது. டிம் பண்ணுங்கன்னு லைட்டை ஒரு தடவை அடிச்சுக் காட்டுறோம். அவர் பதிலுக்குப் பளீர்னு ஹை பீமைப் போட்டு அணைக்கிறார். "இதுதாங்க ஹை, நான் வந்ததே டிம்லதான்"னு அர்த்தம்.

அவர் பொய் சொல்லலை. டிம்லதான் வந்தார். ஆனா அந்த டிம் ரோட்டைப் பார்க்காம நம்ம மூஞ்சியைப் பார்க்குது.

போன மாசம் ஊருக்குப் போயிட்டுத் திரும்புறப்ப வழி பூரா இதே கூத்துதான். வீடு வந்து சேர்ந்தப்ப கண்ணெல்லாம் எரிச்சல். அந்தக் கடுப்புல உக்காந்து எழுதுறேன். ஆனா யாரையும் திட்டுறதுக்காக இல்ல. இதைச் சரி பண்ண ஒரு திருகு ஒவ்வொரு ஹெட்லைட்டுக்குப் பின்னாடியும் இருக்கு. அதைத் திருப்ப ஏத்த பிட் வேணும். அதைப் பத்திதான் இன்னைக்குப் பேச்சு.

(பிட்னா, கைப்பிடி தனியா நுனி தனியா வர்ற ஸ்க்ரூ டிரைவர்ல, அந்த நுனி. ஆறு பட்டை வால், கால் இஞ்ச் அகலம். எந்த கம்பெனி ஹோல்டர்லயும் மாட்டிக்கலாம்.)

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. பொறுமையா படிங்க, விஷயமே இதுலதான் இருக்கு.

டிம் லைட்டைச் செவுத்துல அடிச்சுப் பாருங்க. மேல இருட்டு, கீழ வெளிச்சம், நடுவுல ஒரு கோடு. நாம ரோட்டுல இடது பக்கம் போறவங்கங்கறதால, அந்தக் கோட்டோட இடது பாதி மட்டும் ஒரு 15 டிகிரி மேல ஏறிப் போகும். ஓரமா நடந்து போறவங்க, சைக்கிள்காரங்க, போர்டு எல்லாம் தெரியணும்ல. வலது பாதி தட்டையா இருக்கும். எதிர்ல வர்றவர் அந்தப் பக்கம்தானே இருக்கார்.

இந்தக் கோடு போகப்போக கொஞ்சம் கொஞ்சமா கீழ இறங்கணும். எவ்ளோ இறங்கணும்னு கம்பெனிக்காரங்களே குறிச்சு வச்சிருப்பாங்க. பானெட்டைத் தூக்கி, ஹெட்லைட் மேலயோ அதுக்குப் பக்கத்துலயோ தேடுங்க. ஒரு விளக்குப் படம் போட்டு, பக்கத்துல 1.0% இல்லன்னா 1.2%ன்னு இருக்கும். ஒரு சதவீதம்னா 10 மீட்டருக்கு 10 செ.மீ. இறக்கம்.

உங்க விளக்கு தரையிலேர்ந்து 65 செ.மீ. உயரத்துல இருக்குன்னு வைங்க. ஒரு சதவீத இறக்கத்துல அந்தக் கோடு 65 மீட்டர் தள்ளி ரோட்டைத் தொடும். நல்ல தூரம்.

இப்ப அந்த விளக்கு ஒரே ஒரு டிகிரி மேல தூக்கிக்கிச்சுன்னா? ஒரு டிகிரிங்கறது ஏறக்குறைய 1.75 சதவீதம். கீழ போக வேண்டிய கோடு இப்ப முக்கால் சதவீதம் மேல ஏறும். 75 மீட்டர் தள்ளிப் போறப்ப 56 செ.மீ. ஏறியிருக்கும். 65ம் 56ம் 121 செ.மீ. கார்ல உக்காந்திருக்கிறவர் கண்ணு ஏறக்குறைய அந்த உயரத்துலதான் இருக்கு.

இதுல என்னை அசத்துன விஷயம் வேற. அந்த ஒரு டிகிரிக்கு, விளக்குக்குப் பின்னாடி இருக்கிற திருகு எவ்ளோ நகரணும் தெரியுமா? உள்ள இருக்கிற கண்ணாடிக் கிண்ணம் (ரிஃப்ளெக்டர்) ஒரு பக்கம் முளை மேல நிக்குது, 15 செ.மீ. தள்ளி இன்னொரு பக்கம் திருகு தள்ளுதுன்னு வச்சுக்கிட்டா, ரெண்டரை மி.மீ. போதும். பம்பர்ல ஒரு சின்ன இடி, அவசரமா ஒரு பல்பு மாத்தல், அதுக்கே இந்த ரெண்டரை மி.மீ. தாராளமா நகர்ந்துடும்.

சரி, அந்தத் திருகு எங்க இருக்கு?

அம்பாசிடர் காலத்துல கஷ்டமே இல்ல. வட்ட விளக்கு. வளையத்தைக் கழட்டினா முன்னாடியே தெரியும். மேல இருக்கிறது ஏத்த இறக்க, பக்கத்துல இருக்கிறது இடம் வலம். இப்ப வர்ற கார்ல விளக்குக்குப் பின்னாடி, பானெட்டுக்குக் கீழ, ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பல்சக்கரமா ஒளிஞ்சிருக்கும். நிறைய ஜப்பான் வடிவமைப்பு கார்ல இப்படித்தான். எங்க வீட்டு மாருதியிலயும் அப்படித்தான்.

டார்ச் அடிச்சு முதல் தடவை பார்த்தப்ப, இதுல ஸ்க்ரூ டிரைவர் வைக்க பள்ளமே இல்லையேன்னு நினைச்சேன். சக்கரத்தோட ஓரம் பூரா பல்லு மட்டும்தான். அப்புறம் மேலேர்ந்து பார்த்தா, ரேடியேட்டர் சட்டத்துல நேரா கீழ பார்த்த மாதிரி ஒரு ஓட்டை. கண்டவங்க எதுக்கோ விட்டு வச்ச ஓட்டைன்னு நினைப்பாங்க. அது வழிகாட்டி ஓட்டை. அதுக்குள்ள நீளமான ஸ்டார் டிரைவரை விட்டா, நுனி நேரா அந்தப் பல்சக்கரத்தோட ஓரத்துல போய் உக்காரும்.

இப்பத்தான் அழகே. ஸ்டார் நுனியில நாலு இறக்கை இருக்குல்ல? அந்த நாலு இறக்கையும் நாலு பல்லா மாறிடுது! நாம டிரைவரைச் சுத்தச் சுத்த, அது ஒரு குட்டிப் பல்சக்கரமா நின்னு அந்த வெள்ளைச் சக்கரத்தைத் தள்ளுது. டிரைவர் செங்குத்தா நிக்குது, சக்கரம் படுக்கையா போற அச்சுல சுத்துது. ஸ்க்ரூவைத் திருப்புற சாமான், இங்க ஸ்க்ரூவே இல்லாம கியரா வேலை செய்யுது. இதை யோசிச்ச இன்ஜினியர் யாரோ, அவங்களுக்கு ஒரு கும்பிடு. ஒரு பல்லு தாண்டறப்ப கையில டிக்னு ஒரு அதிர்வு வரும். அது அவ்ளோ திருப்தி.

ஆனா பிட் சரியா இல்லன்னா இந்த அழகு நடக்காது. இங்கதான் நான் ரொம்ப நாள் மண்டையை உடைச்சுக்கிட்டேன்.

வீட்டுல இருந்த சின்ன ஸ்டார் (பி.ஹெச்.1) விட்டுப் பார்த்தேன். இறக்கை பல்லைத் தொடுது, ஆனா வழுக்கிட்டுப் போயிடுது. பெருசு (பி.ஹெச்.3) ஓட்டைக்குள்ளயே போகலை. நடு சைஸ், அதாவது பி.ஹெச்.2, அதுதான் பல்லோட சரியா கோத்துக்கிச்சு. சரி, சைஸ் கெடச்சாச்சு. அடுத்தது நீளம். 25 மி.மீ. பிட்டை காந்த ஹோல்டர்ல மாட்டி விட்டா, நுனி போகுது, ஹோல்டர் தடிமனா இருக்கிறதால ஓட்டை வாசல்லயே நின்னுடுது. அதோட ஒரு எக்ஸ்டென்ஷன் ராடு மாட்டினா இன்னும் மோசம், ரெண்டு இணைப்பும் ஆடுது.

வளையிற மாதிரி ஸ்பிரிங் ராடு ஒண்ணு கடையில தொங்குமே, பார்த்திருப்பீங்க. அதையும் வாங்கிப் பார்த்தேன். மூலை முடுக்குல பூட்டி இருக்கிற ஸ்க்ரூவைக் கழட்ட அது நல்ல சாமான். ஹெட்லைட் அட்ஜஸ்ட் பண்ண ஆகாது. நாம திருப்புறப்ப முதல்ல ராடே முறுக்கிக்குது. முறுக்கு ஏறி ஏறி, திடீர்னு விடுபட்டு ரெண்டு மூணு பல்லு ஒரே குதியில தாண்டிடும். கால் மி.மீ. கணக்கு பார்க்கிற எடத்துல அது எப்படி ஒத்து வரும்?

கடைசியா ஜி.பி. ரோட்டுல ஒரு டூல்ஸ் கடையில கேட்டேன்.

"அண்ணே, பி.ஹெச்.2, ஒரே துண்டா நீளமா இருக்கா? நடுவுல இணைப்பு இருக்கக் கூடாது."

"எதுக்கு தம்பி, ஏசிக்கா?"

"ஹெட்லைட்டுக்குண்ணே."

அவர் ஒரு வார்த்தை பேசாம மேல் தட்டுலேர்ந்து 150 மி.மீ. பிட் ஒண்ணை எடுத்து மேசை மேல வச்சார். "இதை யாரும் கேக்கறதில்ல. மெக்கானிக்குங்க மட்டும்தான் வாங்குறாங்க"ன்னார். இருநூறு ரூபாய் கூட ஆகலை. நுனியிலேர்ந்து வால் வரைக்கும் ஒரே கம்பி. அது உள்ள போய் உக்கார்றப்பவே தெரிஞ்சிடுச்சு.

ஆகவே என் சிபாரிசு: ஒரே ஒரு பிட்தான் வாங்குவேன்னா, 150 மி.மீ. பி.ஹெச்.2. மத்ததெல்லாம் அப்புறம்.

மத்ததையும் சொல்லிடறேன்.

ஸ்டார்ல ரெண்டு ஜாதி இருக்கு, கடைக்காரங்க ஒரே டப்பாவுல போட்டு வச்சிருந்தாலும். ஒண்ணு ஃபிலிப்ஸ். அமெரிக்காவுல ஹென்றி ஃபிலிப்ஸ்னு ஒருத்தர் 1930கள்ல கொண்டு வந்தது, கார் தொழிற்சாலைங்கதான் முதல்ல வாரி எடுத்துக்கிச்சு. இன்னொண்ணு ஜப்பான்காரங்க தரம், ஜே.ஐ.எஸ். பார்த்தா ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும். ஆனா ஃபிலிப்ஸ் நுனி கொஞ்சம் நீண்டு கூரா இறங்கும், ஜே.ஐ.எஸ். நுனி கொஞ்சம் தட்டையா முடியும். ஜப்பான் ஸ்க்ரூவுல ஃபிலிப்ஸை வச்சா, நுனி அடியில போய் முட்டிக்கும், பக்கச் சுவர் சரியா ஒட்டாது. கொஞ்சம் அழுத்தித் திருப்பினா மேல எழும்பி வழுக்கிட்டு வந்துடும். ஸ்க்ரூ தலை காலி.

தலையில குறுக்குப் பள்ளத்துக்குப் பக்கத்துல ஒரு குட்டிப் புள்ளி இருந்தா, அது ஜே.ஐ.எஸ்.ஸுன்னு நம்பலாம். ஜே.ஐ.எஸ். பிட் சாதாரண ஃபிலிப்ஸ் ஸ்க்ரூவுலயும் நல்லாவே உக்காரும், அதனால ஒண்ணுதான் வாங்குறதா இருந்தா அதையே வாங்கலாம். (பழைய ஜப்பான் பைக் வச்சிருக்கிறவங்க இதை எனக்கு முன்னாடியே சொல்லிட்டிருப்பாங்க. கார்ப்பரேட்டர் ஸ்க்ரூவைக் கழட்டினவங்களுக்குத் தெரியும் வலி.)

இன்னொண்ணு டார்க்ஸ். ஆறு இதழ் பூ மாதிரி இருக்கிறது. 1967ல வந்தது. வோக்ஸ்வாகன், ஸ்கோடா மாதிரி ஐரோப்பிய வண்டிங்கள்ல நிறைய பார்க்கலாம். இதுல பக்கச் சுவர் நேர் செங்குத்து. அதனால திருப்புற விசை பூரா திருப்புறதுக்கே போகும், பிட்டை வெளிய தள்ளாது. எனக்கு ரொம்பப் பிடிச்ச வடிவம். ஆனா சைஸ்ல ஏமாறக் கூடாது. டி25 4.5 மி.மீ., டி27 5.1 மி.மீ., டி30 5.6 மி.மீ. டி27 ஸ்க்ரூவுல டி25ம் உள்ள போகும், லேசா ஆடும், "பரவால்ல, புடிக்குது"ன்னு தோணும். அழுத்தித் திருப்பினா ஆறு இதழும் வட்டமாயிடும். ஆடுச்சுன்னா அது உங்க சைஸ் இல்ல, அடுத்ததை எடுங்க.

சில ஐரோப்பிய கார்ல அட்ஜஸ்ட் பண்றதுக்கே ஆலன் கீதான் வேணும். அதுக்கு நுனி உருண்டையா இருக்கிற பிட் கெடைக்கும். கொஞ்சம் சாய்வா நுழைச்சாலும் திரும்பும். கை நேரா போகாத எடத்துல அருமை.

பம்பர், கிரில் கழட்ட வேண்டி வந்தா பிளாஸ்டிக் கிளிப்புங்க இருக்கும். நடுவுல ஸ்டார் போட்ட ஒரு குட்டித் தலை. அதை ஸ்க்ரூ மாதிரி அழுத்தக் கூடாது. பிட்டை மெதுவா வச்சு, அழுத்தாம கால் சுத்து சுத்தினா தானா மேல எழும்பி வரும். அப்புறம் மொத்தமா இழுத்துக்கலாம்.

அழுத்தம்னதும் ஞாபகம் வருது. எங்க தெரு மெக்கானிக் அண்ணன் கிட்ட கத்துக்கிட்டது. அவர் சொல்லுவார்: "தம்பி, இறுகிப் போன ஸ்டாரைக் கழட்டறப்ப பலத்துல ஏழு பங்கு அழுத்தறதுக்கு, மூணு பங்குதான் திருப்பறதுக்கு. எல்லாரும் தலைகீழா பண்றாங்க." இரும்பு ஸ்க்ரூவுக்கு இது வேதவாக்கு. ஏற்கெனவே யாரோ பாதி தின்ன தலைன்னா, அவர் வால்வ் கிரைண்டிங் பேஸ்ட் ஒரு பொட்டு எடுத்து பிட் நுனியில தடவுவார். அந்தப் பேஸ்ட்ல இருக்கிற பொடி சொரசொரன்னு பிடிச்சுக்கும். நான் கண்ணால பார்த்திருக்கேன், இது கதைக்கு ஆகாதுன்னு நினைச்ச ஸ்க்ரூ ஒரு முனகலோட அசைஞ்சு வந்துச்சு.

பிளாஸ்டிக்ல நேரா இறங்குற ஸ்க்ரூவைத் திரும்பப் போடறப்ப ஒரு விஷயம் கட்டாயம் பண்ணுங்க. முதல்ல எதிர்ப்பக்கமா, கழட்டுற பக்கமா, மெதுவா சுத்துங்க. ஒரு எடத்துல டக்குனு கீழ விழும். அதுதான் பழைய புரி. அங்கேர்ந்து முறுக்குங்க. அப்படிப் பண்ணலைன்னா ஒவ்வொரு தடவையும் புதுப் புரி வெட்டி வெட்டி, கடைசியில பிளாஸ்டிக் பொடியாகி பிடிப்பே இருக்காது. பேட்டரி டிரில்லை ஹெட்லைட் பக்கமே கொண்டு போகாதீங்க. பிளாஸ்டிக் காது உடைஞ்சா தனியா கெடைக்காது, முழு விளக்கையும் மாத்தச் சொல்லுவாங்க.

கடலோரத்துல இருக்கிறவங்களுக்குத் துருதான் எதிரி. துருவுக்கு எண்ணெய் அடிக்கிறப்ப நேரா ஸ்பிரே பண்ணாம, காது குடையற பட்ஸ்ல தொட்டு ஸ்க்ரூ தலையில மட்டும் வைங்க. விளக்கோட முன் மூடி பாலிகார்பனேட். தின்னர், பெட்ரோல் மாதிரி ஏதாவது பட்டா மயிரிழை மாதிரி விரிசல் விட்டுடும்.

இப்ப அட்ஜஸ்ட் பண்ற வேலை. சாயங்காலம் இருட்டினதும் சமதளமான எடம், எதிர்ல ஒரு வெள்ளைச் செவுரு. டயர்ல காத்து சரியா இருக்கணும். டிரைவர் சீட்டுல ஒருத்தர் உக்காரணும் (எங்க வீட்டுல இது என் தம்பியோட பொறுப்பு, ஒரு கையில சுண்டலோட). டேஷ்போர்டுல ஹெட்லைட் ஏத்தி இறக்குற சின்னச் சக்கரம் இருந்தா அதைப் பூஜ்யத்துல வைங்க. வண்டியை ஒரு தடவை அமுக்கி விட்டா சஸ்பென்ஷன் அதோட எடத்துக்கு வந்துடும்.

விளக்குலேர்ந்து செவுரு 5 மீட்டர். விளக்கு மையத்தோட உயரத்தை அளந்து செவுத்துல ஒரு டேப் ஒட்டுங்க. ஒரு சதவீதம்னா அதுக்கு 5 செ.மீ. கீழ இன்னொரு டேப். டிம் போடுங்க. ஒரு விளக்கை அட்டையால மறைச்சுட்டு, இன்னொண்ணோட தட்டையான வலது பாதி கீழ் டேப்புல உக்கார்ற வரைக்கும் பல்சக்கரத்தைச் சுத்துங்க. இடது பக்கம் ஏற ஆரம்பிக்கிற முனை, விளக்குக்கு நேர் எதிர்ல இருக்கணும். அப்புறம் அடுத்த விளக்கு. எச்4 பல்பு வண்டின்னா ஹை பீமுக்குத் தனியா ஒண்ணும் பண்ண வேண்டாம், ஒரே கிண்ணம்ங்கறதால அதுவும் கூடவே வந்துடும்.

கோடே தெரியலை, எல்லாம் கலங்கலா இருக்குன்னா திருகுல தப்பில்ல. எச்4 பல்புல மூணு காது இருக்கும், மூணும் அதோட பள்ளத்துல உக்காரலைன்னா வெளிச்சம் சிதறும். கம்பி கிளிப்பை எடுத்துட்டு மறுபடி உக்கார வைங்க. பல்போட கண்ணாடியைக் கையால தொடாதீங்க.

பல்பு எடத்துல மலிவான எல்.இ.டி. போட்டு வச்சிருந்தா, என் பிட் அங்க தோத்துடும். அந்தக் கிண்ணம் ஒரு மெல்லிய இழை எங்க எரியும்னு கணக்கு வச்சு வார்த்தது. வெளிச்சம் பிறக்கிற எடம் மாறினா கோடு கெட்டுடும். கீழ இறக்கி வச்சா எதிர்ல வர்றவர் தப்பிப்பார், ஆனா உங்களுக்கு ரோடு தெரியாது. அதைக் கழட்டிட்டு 60/55 வாட்ஸ் பல்பே போடுங்கன்னுதான் நான் எல்லாரையும் கெஞ்சறேன். அதுக்கு மேல வாட்ஸ் ஏத்தினா ஹோல்டர் உருகும்.

டேஷ்போர்டு சக்கரம்னு சொன்னேன்ல, அதைப் பத்தி ஒரு வார்த்தை. பின்னாடி மூணு பேர், டிக்கி நிறைய சாமான்னா வண்டி பின்னால உக்காந்து மூக்கைத் தூக்கும், லைட்டும் மேல பார்க்கும். அந்தச் சக்கரம் அதுக்குத்தான். நம்பர் கூடக் கூட வெளிச்சம் கீழ இறங்கும். ஊருக்குப் போறப்ப அதைத் திருப்புங்க. எங்க அபார்ட்மெண்ட்ல நிறைய பேருக்கு அது ஏசி சம்பந்தப்பட்டதோன்னு சந்தேகம் இருந்துச்சு. போன ஞாயித்துக்கிழமை எங்க பார்க்கிங் செவுத்துல டேப் ஒட்டி ஒவ்வொருத்தர் வண்டியா பார்த்தப்பதான் தெரிஞ்சுது, வலது விளக்கு ஒரு பக்கம், இடது விளக்கு ஒரு பக்கம்னு இருந்ததுதான் அதிகம். ஒரு விளக்குக்கு அஞ்சு நிமிஷம் கூட ஆகலை.

முன்னெல்லாம் ஹெட்லைட் நடுவுல கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவாங்க, ஞாபகம் இருக்கா? போலீஸ்காரங்களே வண்டியை நிறுத்தி ஒட்டி விடுவாங்க. நல்ல எண்ணம்தான். ஆனா ஸ்டிக்கர் வெளிச்சத்தைக் குறைக்கும், கோட்டை இறக்காது. கோட்டை இறக்கறது திருகு மட்டும்தான்.

கார் கம்பெனிக்காரங்க கிட்ட எனக்கு ஒரு கோரிக்கை இருக்கு, இதை ரொம்ப ஆசையோட கேக்கறேன். டிக்கியில ஜாக்கி தர்றீங்க, வீல் ஸ்பானர் தர்றீங்க, வண்டியை இழுக்கக் கொக்கி தர்றீங்க. அந்தப் பையிலயே அந்தந்த வண்டியோட திருகுக்கு ஏத்த நீள பிட் ஒண்ணையும் போட்டுக் குடுங்க. பானெட்டுக்குக் கீழ, அந்த வழிகாட்டி ஓட்டைக்குப் பக்கத்துல, எந்தப் பக்கம் சுத்தினா லைட் இறங்கும்னு ஒரு அம்புக்குறியும் அச்சடிச்சு வைங்க.